கதவைக் கழற்றியவர்

என் அக்காவின் கணவரை அலுவலகத்தில் எல்லோரும் 'எழுத்துப்படி' என்றுதான் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் அல்ல, முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் கோபித்துக்கொள்ள மாட்டார். தீயணைப்புத் துறையில் ஆய்வாளர். நெருப்பை அணைக்கிற வேலை இல்லை. கடை, பள்ளி, திரையரங்கு, மண்டபம் என்று ஏறி இறங்கி, நெருப்பு பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் தப்பித்து வெளியே வர வழி இருக்கிறதா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிற வேலை. விதிப்புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேச்சு. ஒரு நூல் இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது.

நான் தையற்காரன். எங்கள் தொழிலில் எடுத்த அளவுக்கு அப்படியே துணியை வெட்டினால் சட்டை யாருக்கும் ஏறாது. தையலுக்கும் மடிப்புக்கும் கொஞ்சம் விட்டுத்தான் கத்தரிக்கோலை வைக்க வேண்டும். அத்தானுக்கு அந்தக் 'கொஞ்சம்' என்பதே பிடிபடாது. அதனாலேயே எங்கள் இருவருக்கும் ஆரம்பத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை.

ஒருமுறை அவருடைய மேலதிகாரி வீட்டு விசேஷத்துக்கு அழைப்பிதழ் வந்தது. அன்றைக்குப் பார்த்து மகளுக்கு உடம்பெல்லாம் அம்மை. அக்கா போக முடியாது. "நீங்க மட்டுமாவது போய்த் தலையைக் காட்டிட்டு வாங்க, தப்பா நினைப்பாங்க" என்று சொல்லியிருக்கிறாள். அவர் அழைப்பிதழை எடுத்து இன்னொரு தடவை வாசித்தார். "குடும்பத்துடன் வரவும்னு போட்டிருக்கு" என்றார். போட்டிருந்த சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மேலதிகாரி அதற்கப்புறம் ரொம்ப நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அக்கா காலமான பிறகு சமையலைப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொண்டார். ஒரு நாள் கடைக்குத் தொலைபேசி வந்தது. "தம்பி, உப்பு தேவையான அளவுன்னு போட்டிருக்கான். யாருக்குத் தேவையான அளவு?" என்று கேட்டார். நான் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அந்த மனிதருக்குக் கேலி செய்யவே தெரியாது. அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. "உங்க மகளுக்குத் தேவையான அளவு போடுங்க அத்தான்" என்றேன். "சரி" என்று வைத்துவிட்டார். திருப்தியாகிவிட்டதாம்.

அவர் பிடிவாதக்காரர் அல்ல, அதை நான் சொல்லியாக வேண்டும். அடுத்தவரை மடக்குவதற்காகவோ, தன் புத்திசாலித்தனத்தைக் காட்டுவதற்காகவோ அவர் விதியைப் பிடித்துத் தொங்கவில்லை. எழுத்தில் இருப்பதற்குப் பின்னால் யாரோ ஒரு ஆள் இருக்கிறார் என்று உண்மையாகவே நம்பினார். "எழுதினவன் சும்மா எழுதியிருக்க மாட்டான் தம்பி. எங்கயோ யாருக்கோ ஏதோ ஆகியிருக்கும்" என்பார். இப்படிச் சொல்கிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது? ஆனாலும் நான் போட்டேன். நிறையவே போட்டேன்.

அவரைச் சரியாகக் கையாளத் தெரிந்தவள் என் அக்கா ஒருத்திதான். சமையலறைக் கதவில் சாக்கட்டியால் எழுதி வைப்பாள்: 'மாலை வரும்போது எண்ணெய் வாங்கி வரவும். சிரித்த முகத்துடன் வரவும்.' அவர் மாலையில் எண்ணெய்ப் புட்டியோடும் பல்லெல்லாம் தெரியும் சிரிப்போடும் வாசலில் வந்து நிற்பார். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அவர் எதற்கென்று புரியாமலே சேர்ந்து சிரிப்பார். அந்த வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்தது.

அப்புறம் அக்கா படுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தரைத்தளத்தில் ஒரு நீள வார்டு. நுழைகிற இடத்திலேயே பலகை தொங்கும்: 'மணி அடித்ததும் பார்வையாளர்கள் கட்டிடத்தை விட்டு வெளியேற வேண்டும்.' உலகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் யார் அதை மதித்தார்கள்? நர்சம்மாவிடம் கொஞ்சம் கெஞ்சினால், கொஞ்சம் பல்லைக் காட்டினால், திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளலாம். நான் தினமும் அப்படித்தான் உட்கார்ந்தேன். அத்தான் மணி அடித்ததும் எழுந்துவிடுவார். அக்காவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, தண்ணீர்க் குவளையை அவள் கைக்கு எட்டுகிற மாதிரி நகர்த்தி வைத்துவிட்டு, என்னிடம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

கடைசி நாளும் அப்படித்தான். அன்று சாயங்காலம் தூறல். மணி அடித்தது, அவர் போனார். கொஞ்ச நேரத்தில் அக்கா, "சன்னலைத் திறந்து வைடா" என்றாள். "சாரல் அடிக்குது, வேண்டாம்" என்றேன். "திற" என்றாள், அவ்வளவு பலவீனத்திலும் அக்காவின் அதட்டலோடு. மூச்சு முட்டுகிறது போலிருக்கிறது என்று திறந்து வைத்தேன். அந்தப் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். பிறகு கையை லேசாகத் தூக்கினாள். தண்ணீர் கேட்கிறாள் என்று கரண்டியால் எடுத்து வாயில் விட்டேன். குடித்தாள். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அத்தானுக்குச் சொல்ல ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர் நனைந்த சட்டையோடு வார்டு வாசலில் வந்து நின்றார். நான் தைத்துக் கொடுத்த சட்டை அது. உடம்போடு ஒட்டிக் கிடந்தது. எனக்குத் தலைக்கு மேல் கோபம். அத்தனை நோயாளிகள், அத்தனை நர்சம்மாக்கள் முன்னால் கத்தினேன். "மணி அடிச்சதும் எந்திரிச்சு வெளிய போனீங்களா இல்லையா?"

"போனேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அதற்கப்புறம் வந்த வருடங்களில் எப்போது சண்டை வந்தாலும் நான் அதே கேள்வியைக் கேட்டேன். அவரும் அதே பதிலைச் சொன்னார். அப்போது சிறு பெண்ணாக இருந்த மகளும் இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். அம்மா சாகும்போது அப்பா விதியைப் பார்த்து எழுந்து போனவர் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அந்தச் சிறு பெண் இன்று கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறாள். மருந்துக்கடைக்காரப் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போய், எல்லோரும் சரி என்று சொல்லி, கல்யாணத்துக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கல்யாணம் கூடத்தில் நடக்க வேண்டும்.

கூடம் என்றால் அவர்களுடைய பிரார்த்தனைக் கூடம். எனக்கும் கடவுளுக்கும் பெரிய பேச்சுவார்த்தை இல்லை, நான் அதில் உறுப்பினன் அல்ல. அக்காவும் அத்தானும் உறுப்பினர்கள். ஒரு பக்கம் அச்சகம், மறுபக்கம் இரும்புக் கிடங்கு, நடுவில் நெருக்கிக்கொண்டு நிற்கிற ஒரு பழைய கட்டிடம். ஒரே வாசல், ஒரே கதவு. துணி வெளுத்துப் பிழைத்த ஓர் அம்மாள் அந்தக் காலத்தில் ஆரம்பித்தது. அந்த அம்மாள் சொன்னதைச் சிறிய புத்தகமாக அச்சடித்து 'நியமங்கள்' என்று வைத்திருக்கிறார்கள். வாரம் ஒருமுறை கூடி, ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிப்பார்கள். அக்கா வாசித்தால் கடைசி வரிசைவரை கேட்கும் என்பார்கள். அவள் எப்போதும் உட்காருகிற தூணோரம் மகளுக்குத் தெரியும். அவளுக்கு அம்மா என்று மிச்சமிருக்கிற இடம் அது ஒன்றுதான்.

கல்யாண உடுப்பை நான்தான் தைத்துக்கொண்டிருந்தேன். ஓரம் மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கடைக்குள் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மாமா, தைக்கிறதை நிறுத்துங்க."

"ஏன் பாப்பா, மாப்பிள்ளை மாறிட்டானா?"

"அப்பா கூடத்துக்குச் சீல் வச்சிட்டாரு."

எனக்கு முதலில் புரியவில்லை. "எந்தக் கூடத்துக்கு?"

"நம்ம கூடத்துக்கு! அவர் கையாலயே நோட்டீசு ஒட்டியிருக்காரு. பசை இன்னும் காயல."

விஷயம் இதுதான். ஆட்கள் கூடியிருக்கும் நேரத்தில் வாசல் கதவு வெளிநோக்கித் திறப்பதாக இருக்க வேண்டும் என்று துறையில் ஒரு விதி உண்டு. அதுவரை பெரிய மண்டபங்களுக்கு மட்டும் இருந்ததைச் சின்ன இடங்களுக்கும் விரித்துவிட்டார்கள். அத்தான் தன் பகுதியில் இருந்த எல்லா இடங்களுக்கும் வரிசையாகப் போனார். வரிசையில் அவர்களுடைய கூடமும் வந்தது. அதன் கதவு உள்நோக்கித் திறக்கிற கதவு. சரிசெய்யும்வரை கூட்டம் கூடக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டார்.

"கீலை மாத்திப் போட்டா தீர்ந்தது. இதுக்கா இவ்வளவு?" என்றேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "நியமத்துல கதவு உள்நோக்கித்தான் திறக்கணும்னு இருக்கு மாமா."

ஆமாம், இருக்கிறது. பிறகு நானே வாசித்துப் பார்த்தேன். 'வருகிறவர் எவரும் கதவுக்கு வழிவிட்டு ஓர் அடிகூடப் பின்வாங்க வேண்டாம். ஆகவே நம் கதவு உள்நோக்கியே திறக்கட்டும்.' அந்த அம்மாள் கைக்குழந்தையோடு வேறெங்கோ ஓர் இடத்துக்குப் போய்ப் படியேறியபோது, உள்ளேயிருந்து யாரோ கதவை வெளிப்பக்கமாகத் தள்ள, அது முகத்தில் இடித்துப் படியில் விழுந்தாளாம். குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று புத்தகத்தில் இல்லை. வாசிக்கிறவர்கள் அந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவார்களாம்.

நானும் அவளும் நேராக வீட்டுக்குப் போனோம். அத்தான் மேசையில் இரண்டு புத்தகங்களையும் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். விதிப்புத்தகம் தடிமன், நியமப்புத்தகம் உள்ளங்கை அகலம்.

"அத்தான், உங்க மேலதிகாரி என்ன சொல்றாரு?" என்று தன்மையாகவே ஆரம்பித்தேன்.

"ஒரு நாள் விஷயம், கண்டுக்காம கையெழுத்துப் போடுங்கன்னாரு."

"கூடத்துப் பெரியவர்?"

"நியமத்தை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்ல, நீங்க பார்த்தும் பார்க்காத மாதிரி விட்டுடுங்கன்னாரு."

"பின்ன என்ன? ரெண்டு பேருமே விடச் சொல்றாங்க. விட வேண்டியதுதானே!"

அவர் விதிப்புத்தகத்தின் மேல் கையை வைத்தார். "பயிற்சியில ஒரு கதவோட போட்டோ காட்டினாங்க தம்பி. உள்நோக்கித் திறக்கிற கதவு. நெருப்புன்னதும் எல்லாரும் ஓடிவந்து கதவு மேல விழுந்துட்டாங்க. முன்னால இருந்தவனுக்கு இழுத்துத் திறக்க இடமில்ல. பூட்டவே இல்ல அந்தக் கதவை." மகளைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு எவ்வளவு பேர் வருவாங்க. எல்லாம் நம்ம ஆளுங்க."

தச்சரைக் கேட்டுப் பார்த்தீர்களா என்றேன். கேட்டிருக்கிறார். ஸ்பிரிங் கீல் போட்டு இரண்டு பக்கமும் ஆடுகிற கதவாக்கித் தருகிறேன் என்றாராம் தச்சர். "வெளிய வர்றவன் தள்ளினா உள்ள வர்றவன் மூஞ்சியில இடிக்கும். அந்த அம்மா விழுந்தது அப்படித்தானே" என்றார் அத்தான்.

எனக்கே அது நியாயமாகப் பட்டது. மகளுக்குப் படவில்லை.

"வேற இடத்துல கல்யாணத்தை வச்சுக்கன்னு சொல்லப் போறீங்க, அதானே?"

"நான் அப்படிச் சொல்லலம்மா."

"உங்களுக்கு யாராவது முக்கியமாப்பா? அம்மா மூச்சு இழுத்துக்கிட்டிருக்கும்போது மணி அடிச்சிடுச்சுன்னு போனவருதானே. எனக்கு நீங்க அப்பாவா, தீயணைப்புத் துறையா?" குரல் உடைந்துவிட்டது. "நீங்க என் கல்யாணத்துக்கு வரவே வேண்டாம். வாயால சொன்னா உங்களுக்கு ஏறாது. எழுதியே தரேன்."

மேசையில் கிடந்த பேனாவை எடுத்துவிட்டாள். நான் பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதற்கும் நகர்ந்ததில்லை. "எழுதிடாதே பாப்பா! கோபத்துல என்ன வேணா பேசு, எழுதிடாதே. எழுதினா இவரு நிஜமாவே வரமாட்டாரு!"

அவள் பேனாவைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டாள். அத்தான் அந்தப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்துவிட்டார். எதற்கும் பயப்படாத மனிதர், எரிந்து புகைந்துகொண்டிருந்த கட்டிடத்துக்குள் போய் அளவெடுத்தவர், ஒரு துண்டுக் காகிதத்துக்குப் பயந்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வந்தது, அதை விரட்டிவிட்டு நானும் கிளம்பினேன்.

பிறகு அவள் சித்தப்பா வீட்டில் போய்த் தங்கிக்கொண்டாள். அப்பாவோடு பேச்சு இல்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேறு மண்டபம் பார்க்கட்டுமா என்று பவ்யமாகக் கேட்டார்கள். நான் உடுப்பை முடித்து உறையில் போட்டு மாட்டி வைத்தேன். அதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சலாக வந்தது.

ஒரு மதியம், கடையில் யாரும் இல்லாத நேரம், அத்தான் இரண்டு புத்தகங்களையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. துணி வெட்டுகிற பலகைமேல் புத்தகங்களை விரித்தார்.

"தம்பி, விதி என்ன சொல்லுது? வாசல் கதவு வெளிநோக்கித் திறக்கணும். நியமம் என்ன சொல்லுது? நம்ம கதவு உள்நோக்கித் திறக்கணும். ரெண்டும் கதவைப் பத்தித்தான் சொல்லுது."

"அதுக்கு?"

"கதவே இல்லன்னா?"

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"ஆட்கள் கூடியிருக்கும் நேரத்தில்னுதான் விதியில இருக்கு. அந்த நேரத்துக்குக் கதவைக் கழட்டிட்டா நெருப்புக்கு வழி அடையாது, வர்றவங்க முகத்துலயும் இடிக்காது. கூட்டம் முடிஞ்சதும் திரும்ப மாட்டிடலாம். நியமத்துல கதவைக் கழட்டக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. சொல்லப்போனா கழட்டுறதைப் பத்தியே ஒண்ணு இருக்கு." பக்கத்தைத் திருப்பி விரலை வைத்தார். 'பழுது பார்க்கவோ வேறு தேவைக்கோ கதவைக் கழற்ற நேர்ந்தால், மீண்டும் பொருத்தும்வரை, கழற்றியவரே வாசலில் அமர்ந்து காவல் இருக்கட்டும்.'

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. இதை அவர் மேலதிகாரியிடம் காட்டியாகிவிட்டதாம். "கதவே இல்லன்னா என்கிட்ட என்னய்யா கேள்வி" என்று அந்த மனிதர் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெரியவரும் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி வாசித்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார். நோட்டீசை அத்தானே சுரண்டி எடுத்துவிட்டார்.

"சரி, தச்சரை விட்டுக் கழட்டச் சொல்லுங்க" என்றேன்.

"கேட்டேன். நான் கழட்டினா நான்ல உக்காரணும், எனக்குப் பொழப்பு இல்லையான்னுட்டாரு."

"வேற யாரையாவது..."

"கல்யாணத்துக்கு வர்றவனை வாசல்ல உக்காருன்னு எப்படித் தம்பி சொல்றது? நானே கழட்டிக்கிறேன்."

அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கழற்றியவர் வாசலை விட்டு நகரக்கூடாது. மேடை கூடத்தின் மறுகோடியில் இருக்கிறது. மகள் மேடையில் நிற்கும்போது இவர் வாசலில் உட்கார்ந்திருப்பார். ஆகமொத்தம் இந்தத் தடவையும் இவர் பக்கத்தில் இருக்கப்போவதில்லை. கல்யாணம் அவள் கேட்ட இடத்தில் நடக்கும். அப்பா மட்டும் தூரத்தில். அது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. அதைச் சொல்லாமல்தான் போயிருக்கிறார்.

கல்யாணத்தன்று நான் கூடத்துக்குப் போனபோது கதவு சுவரோரம் சாய்ந்து நின்றது. திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டு, வாசற்படிக்குச் சற்று உள்ளே ஒரு மர நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். நான் தைத்துக் கொடுத்த புதுச் சட்டை. உள்ளங்கையில் திருப்புளி பட்ட கொப்புளம். வருகிறவர்களை எல்லாம் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். "பொண்ணோட அப்பா எங்க?" என்று மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் அவரிடமே கேட்டார். "நான்தான். உள்ள வாங்க" என்றார். கிழவர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மகள் வந்து இறங்கினாள். கதவைக் கழற்றிய கதையை நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். நடந்துவிட்டதே என்று கொஞ்சம் இறங்கியிருந்தாளே தவிர, பேசும் அளவுக்கு இறங்கவில்லை. அவரைக் கடந்து உள்ளே போனாள். தூணைத் தொட்டாள். மேடையில் ஏறி நின்றாள். பெரியவர் நியமப்புத்தகத்தைப் பிரித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். அத்தனை தலைகளுக்கும் அந்தப் பக்கம், எழுந்து நின்று எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் அத்தான். ஓர் அடி முன்னால் வைக்கவில்லை.

"மாமா, அப்பாவைக் கூப்பிடுங்க" என்றாள்.

"வரமாட்டாரு பாப்பா. கழற்றியவரே காவல்."

அவள் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. வெடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, கல்யாணம் எங்க நடக்கணும்னு நியமத்துல இருக்கு?"

"கூடத்துக்குள்ள, ரெண்டு சாட்சிங்க முன்னால."

"மேடையிலன்னு இருக்கா?"

பெரியவர் பக்கத்தைப் புரட்டினார், முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். "மேடைன்னு... இல்லம்மா. ஆனா வழக்கமா..."

"வழக்கத்தை விடுங்க. வாசப்படிக்கு உள்பக்கம் கூடம்தானே?"

"கூடம்தான்."

"அப்ப அங்க வச்சுக்கலாம்." உடுப்பின் ஓரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள். மாப்பிள்ளைப் பையன் நல்லவன். ஒன்றும் கேட்காமல் பின்னாலேயே போனான். அவளைப் பெற்றவர் யார் என்பதில் அன்றைக்கு யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

நாற்காலிகளை எல்லாம் வாசல் பக்கமாகத் திருப்பிப் போட்டார்கள். ஒரே கிறீச்சு, ஒரே சிரிப்பு. கடைசி வரிசைக்காரர்கள் முதல் வரிசை ஆனார்கள். வாசற்படிக்கு உள்ளே, அத்தானின் நாற்காலியை ஒட்டி நின்று இருவரும் வாக்குக் கொடுத்தார்கள். அத்தான் எழுந்து நின்றிருந்தார். மகள் கையைப் பிடித்து மாப்பிள்ளை கையில் வைத்தபோது அந்தக் கொப்புளம் வலித்திருக்க வேண்டும். அதற்காக அழுத மாதிரி எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் வழக்கம்போல மணி அடித்தார்கள். கூட்டம் கூடத்தின் மறுகோடிக்குச் சாப்பிட நகர்ந்தது. அத்தான் மறுபடி உட்கார்ந்துகொண்டார். மகள் உடுப்பைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் பக்கத்தில் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். நான் தைத்த மடிப்பெல்லாம் போச்சு என்று அருகில் நின்றுகொண்டிருந்தேன்.

"மணி அடிச்சிடுச்சேப்பா. நீங்க எழுந்து போகல?" என்றாள். சண்டைக்கு அல்ல, சும்மா சீண்டுவதற்குத்தான்.

"கதவை மாட்டுற வரைக்கும் போக முடியாதும்மா."

"அன்னைக்கும் இப்படி ஒரு நியமம் இருந்திருக்கலாம். அம்மாகூட இருந்திருப்பீங்க."

அத்தான் யோசித்தார். கேட்டதற்குச் சரியான பதில் எது என்று தேடுகிற யோசனை. "அன்னைக்குக் கட்டிடத்தை விட்டு வெளிய போகணும்னுதான் எழுதியிருந்துச்சு. வெளிய போய்ச் சன்னல்கிட்ட நின்னுக்கிட்டேன்."

"எந்தச் சன்னல்?"

"அம்மா கட்டிலுக்கு நேரா இருக்குமே. சைக்கிள் நிறுத்துற பக்கம். தினமும் அங்கதானே நிப்பேன்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். தூறல், நனைந்த சட்டை, ஆள் அனுப்புவதற்குள் வந்து நின்ற ஆள். எல்லாம் என் கண்முன்னாலேயே நடந்ததுதான்.

"ஏம்ப்பா இதைச் சொல்லவே இல்ல?" என்றாள் அவள், குரலே எழும்பாமல்.

"வெளிய போனீங்களான்னுதான்மா கேட்டாங்க. போனேன்னு சொன்னேன். எங்க போனீங்கன்னு யாரும் கேக்கலையே." குற்றம்சாட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். "உங்கம்மா மட்டும் கேட்டா. முதல் நாளே. வெளிய போய் எங்க நிப்பீங்கன்னு."

சன்னலைத் திறந்து வைடா என்றாளே. வேண்டாம் என்றேனே. திற என்று அதட்டினாளே.

"அத்தான்" என்றேன். "அவ கையைத் தூக்கினா. அது உங்களைப் பார்த்தா?"

"ஆமா."

"நான் தண்ணி கேக்குறான்னு நினைச்சு..."

"பார்த்தேன் தம்பி" என்றார். "அவசரப்படாம, சிந்தாம, ஒவ்வொரு கரண்டியாக் கொடுத்தீங்க. நான் உள்ள இருந்திருந்தா எனக்குக் கை நடுங்கியிருக்கும்."

நான் அழுதேன். வாசலில், கல்யாணக் கூட்டம் போய்வருகிற இடத்தில், இந்த வயதில், தேம்பித் தேம்பி அழுதேன். மகள் அப்பாவின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அத்தான் ஒரு கையை அவள் தலையிலும், இன்னொரு கையை என் தோளிலும் வைத்துக்கொண்டு, வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தார். காவல் அல்லவா.

சாப்பாடு வாசலுக்கே வந்தது, மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்தான். நாங்கள் நாலு பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டோம். உப்பு கொஞ்சம் தூக்கல்தான், யாரும் சொல்லவில்லை. கடைசி விருந்தாளியும் போன பிறகு அத்தான் திருகாணிக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார். கதவைத் தனியாகத் தூக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"இப்ப என்ன செய்யணும் அத்தான்?" என்று கேட்டேன். "எங்க நிக்கணும் நான்? எதைப் பிடிக்கணும்? விவரமாச் சொல்லுங்க."

"அந்தப் பக்கம் நில்லுங்க தம்பி. அடியில கையைக் கொடுத்துத் தூக்கிப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

நல்ல கனமான கதவு. அவர் சொல்லும்வரை நான் விடவில்லை.